காலத்தைக் கேட்கும் வினாக்கள்: மூளையின் கால உணர்வும் அதனைத் தமிழில் பெயர்த்தலும்

1. முன்னுரை

முதியவர் ஒருவரின் நினைவாற்றல் தளர்ந்துள்ளதா என அறிய விரும்பும் மருத்துவர் அவரிடம் முதலில் கேட்பவை பெரும்பாலும் காலத்தைப் பற்றிய வினாக்களாகும். இது எந்த ஆண்டு, எந்தப் பருவம், எந்த மாதம், இன்று என்ன தேதி, என்ன கிழமை என்னும் ஐந்து வினாக்கள் 1975இல் ஃபோல்ஸ்டீன் முதலியோர் அமைத்த சுருக்கமான மனநிலைச் சோதனையில் இடம்பெற்றுள்ளன. அச்சோதனையின் 30 மதிப்பெண்களில் 5 இவற்றுக்கு உரியன. சிறு குழந்தைக்கும் விளங்கும் வினாக்களாக இவை தோன்றுவதால் இவற்றை மொழிபெயர்ப்பதும் எளிதென்று கருதப்படுவதுண்டு.

இக்கருத்து எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. காலம் என்று ஒரே சொல்லால் குறிக்கப்படுவது மூளையைப் பொறுத்தவரை ஒரே பொருள் அன்று. நாளின் சுழற்சி, நொடிகளின் நீளம், ஒலியின் அளவு, நிகழ்ச்சிகளின் முன்பின் முறை, நாட்காட்டி அறிவு, வினையின் காலம் ஆகியவை வெவ்வேறு வழிகளில் செயற்படுகின்றன. வெவ்வேறு நோய்களில் தனித்தனியே குலைகின்றன. மொழியோ இவற்றைத் தனக்கே உரிய முறையில் பகுத்துக்கொள்கிறது. வினா எந்தக் காலத்தைக் கேட்கிறது என்பதை மொழிபெயர்ப்பாளர் அறியாவிடில், மொழியின் இயல்பு நோயின் அறிகுறியாகக் கொள்ளப்படும் நிலை ஏற்படும். இதனை விளக்குதற்குப் பெங்களூரின் காக்ஸ் டவுன் பகுதி ஏற்ற களமாக அமைகிறது.

2. காக்ஸ் டவுன்: மொழிச் சூழல்

1809இல் பெங்களூரில் ஆங்கிலேயரின் படைமுகாம் நிறுவப்பட்டது. படையினரையும் அவர்களைச் சார்ந்த தொழில்களையும் தொடர்ந்து சென்னை மாகாணத்தின் தமிழ்ப் பகுதிகளிலிருந்து மக்கள் பெருமளவில் அங்குக் குடியேறினர். முகாமைச் சூழ்ந்து வளர்ந்த பகுதி தனி நிருவாகத்தின்கீழ் இருந்து 1947இல் மைசூர் அரசிடம் திருப்பியளிக்கப்பட்டது. 1949இல் பழைய நகரமும் இப்பகுதியும் ஒரே மாநகராட்சியாக இணைக்கப்பட்டன. ஆங்கில அலுவலர் ஒருவரின் பெயரைத் தாங்கிய காக்ஸ் டவுன் இவ்வாறு வளர்ந்த குடியிருப்புகளுள் ஒன்றாகும். அல்சூர் ஏரியும் பிரேசர் டவுனும் இதற்கு அண்மையில் உள்ளன.

இப்பகுதியில் தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு, ஆங்கிலம் ஆகியவை ஒரே தெருவில் வழங்குகின்றன. தாய்மொழி தமிழாகவும், அலுவல் மொழி கன்னடமாகவும், பள்ளி மொழி ஆங்கிலமாகவும், அண்டை வீட்டு மொழி உருதுவாகவும் அமைவது இங்கு இயல்பு. மொழிகளோடு நாட்காட்டிகளும் பலவாகும். ஒருவர் சித்திரைப் பிறப்பையும், அடுத்த வீட்டார் யுகாதியையும், மற்றொருவர் ரமலான் பிறையையும், வேறொருவர் ஆங்கிலப் புத்தாண்டையும் ஆண்டின் முதன்மையான நாளாகக் கொள்வர். நகரின் தென்பகுதியில் தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் நிறுவனம் (நிம்ஹான்ஸ்) இயங்கிவருகிறது. இத்தகைய நகரில் மூளை நோயைக் கண்டறியும் பணி மொழிபெயர்ப்பையும் சார்ந்தே நடைபெற இயலும்.

3. மூளையில் காலம்

ஒளிக்குக் கண்ணும் ஒலிக்குச் செவியும் இருப்பதுபோலக் காலத்துக்கென ஒரு புலனுறுப்பு இல்லை. காலத்தை அளக்கும் ஒற்றைக் கடிகாரமும் மூளையில் இல்லை. அளக்கப்படும் இடைவெளியின் அளவுக்கேற்ப அளக்கும் அமைப்பு வேறுபடுகிறது.

3.1 நாளின் சுழற்சி

உறக்கம், விழிப்பு, உடல் வெப்பம் ஆகியவற்றை ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் இயக்குவது மூளையின் அடிப்பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே அமைந்த சிறு நரம்பணுத் திரளாகும். கதிரவன் ஒளி இதனை நாள்தோறும் நேர்செய்கிறது. ஒளியும் கடிகாரமும் இல்லாத இடத்தில் மனிதர் வாழ்ந்தால் இச்சுழற்சி தன்போக்கில் தொடர்ந்து இயங்குவதை யூர்கன் அஷோஃப் செருமனியில் அமைத்த தனிமை அறைகளில் நிறுவினார். தமிழகத்திலும் இவ்வகை ஆய்வு நடைபெற்றுள்ளது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவர்தம் குழுவினரும் மனிதருக்கான தனிமை அறை ஒன்றை அமைத்து, கடிகாரமின்றி வாழ்ந்தோரின் உறக்க விழிப்புச் சுழற்சிகளை ஆராய்ந்தனர். சந்திரசேகரன் பின்னர்ப் பெங்களூரிலுள்ள ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் பணியாற்றினார்.

உடலின் கடிகாரம் வேறு, நாட்களை எண்ணும் அறிவு வேறு என்பதற்கு மிசேல் சிஃப்ரே 1962இல் மேற்கொண்ட குகை வாழ்க்கை நல்ல சான்றாகும். இரண்டு திங்கள் நிலத்தடிக் குகையில் தனித்திருந்த அவரை செப்டம்பர் 14ஆம் நாள் வெளியே அழைத்தபோது, அவருடைய கணக்கில் அன்று ஆகஸ்டு 20ஆம் நாளாக இருந்தது. உடல் ஒழுங்காக உறங்கியும் விழித்தும் வந்துள்ளது. எண்ணிக்கையோ 25 நாட்கள் பின்தங்கிவிட்டது. அவருடைய மூளையில் நோய் எதுவும் இல்லை. நாட்காட்டி அறிவு மூளைக்குள் தானே ஊறுவது அன்று என்பதும், செய்தித்தாள், மணியோசை, உறவினர் பேச்சு முதலிய புறச்சான்றுகளால் நாள்தோறும் ஊட்டப்படுவது என்பதும் இதனால் பெறப்படும்.

3.2 நொடியும் மணியும்

சில நொடிகள் முதல் நிமிடங்கள் வரையிலான இடைவெளியை மதிப்பிடுவதில் மூளையின் உட்புறத்திலுள்ள அடி நரம்புத் திரள்களும் முன்மூளைப் புறணியும் பங்கு கொள்கின்றன. இங்கு டோபமின் என்னும் வேதிப்பொருள் இன்றியமையாதது. டோபமின் குறைவுபடும் பார்க்கின்சன் நோயில் இடைவெளி மதிப்பீடு பிறழ்வதுண்டு. உடல் வெப்பமும் இம்மதிப்பீட்டைத் தாக்கும். காய்ச்சலில் இருந்த தம் மனைவி நொடிகளை விரைவாக எண்ணியதைக் கண்ட ஹட்சன் ஹோக்லண்டு 1933இல் இதனை எடுத்துரைத்தார். நொடியை மதிப்பிடும் முறையும் மணியை மதிப்பிடும் முறையும் ஒன்றல்ல. அஷோஃபின் தனிமை அறையில் வாழ்ந்தோர் ஒரு மணி நேரம் என மதிப்பிட்ட இடைவெளி, அவர்கள் விழித்திருந்த காலம் நீண்டபோது தானும் நீண்டது. சில நொடி இடைவெளிகளின் மதிப்பீடு அவ்வாறு நீளவில்லை.

கவனத்துக்கும் இதில் பங்குண்டு. காத்திருப்பவர் காலத்தையே கவனிப்பதால் அது நீள்கிறது. வேலையில் ஆழ்ந்தவருக்கு அது சுருங்குகிறது. பின்னர் நினைத்துப் பார்க்கும்போது இந்நிலை தலைகீழாகிறது. நிகழ்ச்சிகள் செறிந்த நாள் நீண்டதாகவும், ஏதும் நிகழாத நாள் குறுகியதாகவும் நினைவில் நிற்கின்றன. ‘நேரம் போனதே தெரியவில்லை’ என்னும் தொடர் நிகழும்போது பெற்ற உணர்வைச் சுட்டுவது. ‘அந்த ஒரு வாரம் ஓர் ஆண்டுபோல் இருந்தது’ என்னும் தொடர் சூழலுக்கேற்ப இரண்டனுள் ஒன்றைச் சுட்டும். மொழிபெயர்ப்பில் இவ்வேறுபாடு பேணப்பட வேண்டியதாகும்.

3.3 ஒலியின் அளவு

நொடிக்கும் குறைந்த இடைவெளிகளை அளப்பதில் சிறுமூளை சிறப்பாகப் பங்கேற்கிறது. தமிழ் பேசுவோர்க்கு இந்நுண் அளவீடு பொருள் வேறுபாட்டுக்கே அடிப்படையாகும். கல் - கால், படு - பாடு, விடு - வீடு ஆகிய இணைகளைப் பிரித்தறிவது உயிரொலியின் கால அளவைப் பெரிதும் சார்ந்தது. இதற்கு அளவுகோல் தேடிய தொல்காப்பியர் மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் விரல் நொடிப்பாலும் வரையறுத்தார். இவை இரண்டும் உடலின் இயல்பான செயல்கள் என்பது கருதத்தக்கது. அந்நொடிப்பின் பெயரே இன்று மணிக்கணக்கின் மிகச் சிறிய அளவைக்குப் பெயராகி வழங்குகிறது.

3.4 முறைவைப்பும் நினைவும்

எது முன், எது பின் என நிகழ்ச்சிகளை அடுக்குவது ஹிப்போகேம்பசும் அதனைச் சார்ந்த புறணியும் ஆற்றும் பணியாகும். ஒரு நிகழ்ச்சித் தொடரின் குறிப்பிட்ட கணங்களில் மட்டும் கிளர்ச்சியுறும் ‘நேர நரம்பணுக்கள்’ இங்கு உள்ளமை முதலில் எலிகளிடமும், 2020இல் மனிதரிடமும் காட்டப்பட்டது. 1953இல் அறுவைச் சிகிச்சையால் இப்பகுதியை இருபுறமும் இழந்த, ஆய்வுலகில் எச். எம். என அறியப்பட்ட நோயாளி, ஏறத்தாழ 20 நொடி வரையிலான இடைவெளிகளைச் சரியாக மீட்டுக்காட்டினார். அதற்கு மேற்பட்டவற்றை அவர் மிகவும் குறைத்தே மதிப்பிட்டார். நொடிகளை அளக்கும் திறன் நின்றது. நினைவைச் சார்ந்த நீண்ட காலம் அழிந்தது.

இச்செய்திகளைத் தொகுத்து நோக்கினால் ஒரு முடிவு புலனாகும். அல்சைமர் நோயாளி தேதியை மறந்தும் கல், கால் என்னும் சொற்களைக் குழப்பாதிருக்கலாம். பார்க்கின்சன் நோயாளி நொடிகளைத் தவறாக மதிப்பிட்டும் தேதியை அறிந்திருக்கலாம். பேச்சிழப்பு உற்றவர் இவை இரண்டிலும் பிறழாமல் வினைக்குக் காலம் சேர்ப்பதில் மட்டும் இடர்ப்படலாம். ஆகவே ‘காலத்தைச் சோதித்தல்’ என ஒரு சோதனை இருக்க இயலாது. எந்தக் காலம் என்பதே முதல் வினா.

4. மொழியில் காலம்

4.1 வினையின் காலம்

மூளையின் இடப்பகுதியில் ஏற்படும் தாக்கத்தால் இலக்கண அமைப்பு சிதையும் பேச்சிழப்பில், இறந்தகாலத்தைக் குறிப்பது பிற காலங்களைக் குறிப்பதைவிடக் கடினமாகிறது என்பது ரூலின் பாஸ்டியான்சேயும் அவர்தம் குழுவினரும் முன்வைத்த கருதுகோளாகும். நிகழ்காலத்துக்குப் பேசும் கணமே ஆதாரமாக அமைகிறது. இறந்த காலத்தைக் குறிக்கவோ கருத்தாடலில் வேறொரு கணத்தைத் தேடி அதனோடு வினையை இணைக்க வேண்டியுள்ளது. அவ்விணைப்பே சுமையாகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆங்கிலம், துருக்கி, சீனம் முதலிய மொழிகளைக் கொண்டு இது ஆராயப்பட்டுள்ளது.

இக்கருதுகோளைத் தமிழில் சோதிக்க முனைவோர் பின்வரும் தொடர்களை நோக்குதல் வேண்டும்.

(1) அவர் நாளை வருவார்.
(2) அந்நாளில் அவர் நாள்தோறும் இங்கு வருவார்.
(3) இதோ, வந்துவிட்டேன்.
(4) நாளை ஊருக்குப் போகிறேன்.
(5) மழை பெய்தால் போகமாட்டேன்.
(6) அவர் வரவில்லை.

(1), (2) ஆகியவற்றில் வினைமுற்று ஒன்றே. முன்னது எதிர்காலத்தையும் பின்னது இறந்தகால வழக்கத்தையும் குறிக்கின்றன. (3) இன்னும் வந்து சேராதவர் கூறுவது. வடிவம் இறந்தகாலம், குறிப்பு விரைவில் நிகழவிருப்பது. (4) இல் நிகழ்கால வடிவம் எதிர்காலத்துக்கு வருகிறது. (5) இல் இறந்தகால அடியின்மேல் நிபந்தனை எழுகிறது. (6) நேற்று வராமையையும் இப்போது வராதிருப்பதையும் ஒருங்கே குறிக்கும். வரமாட்டார் என்பதே எதிர்காலத்தை வேறுபடுத்துகிறது. ஆகவே நோயாளி ஒருவர் படத்தைப் பார்த்து ‘வருவார்’ என்று கூறினால் அவர் காலத்தைத் தவறவிட்டார் எனச் சூழலை நோக்காது முடிவு செய்வது பொருந்தாது.

மற்றொரு சிக்கல் உருபனியலைச் சார்ந்தது. நிகழ்காலத்துக்குக் கிறு, கின்று என்னும் இடைநிலைகள் ஏறக்குறைய எல்லா வினைகளுக்கும் சீராக வருகின்றன. இறந்தகாலமோ வினைதோறும் மாறுகிறது: வந்தான், பார்த்தான், பாடினான், உண்டான், விற்றான். ஒரு நோயாளி இறந்தகாலத்தில் மிகுதியாகப் பிழை செய்தால் அது கடந்த காலத்தைக் குறிப்பதன் சுமையாலா, வடிவம் தேர்வதன் சுமையாலா என்னும் ஐயம் எழும். ஆங்கிலச் சோதனையின் வினைப்பட்டியலை அவ்வாறே பெயர்த்தமைத்தால் இவ்வையம் தீராது. ஒரே வகை இடைநிலை ஏற்கும் வினைகளைத் தேர்ந்து சோதனையை அமைத்தலே தக்கது. இது மொழிபெயர்ப்பினும் மேலாக மறு ஆக்கம் எனத்தகும்.

4.2 நாளைக் குறிக்கும் சொற்கள்

காக்ஸ் டவுனில் வழங்கும் மொழிகள் இதில் தெளிவாக வேறுபடுகின்றன. தமிழில் நேற்று, நாளை. கன்னடத்தில் நின்னெ, நாளெ. தெலுங்கில் நின்ன, ரேப்பு. இம்மூன்று திராவிட மொழிகளிலும் கடந்த நாளும் வரும் நாளும் தனித்தனிச் சொற்களைப் பெறுகின்றன. உருதுவில் ‘கல்’ என்னும் ஒரே சொல் இரண்டையும் குறிக்கும். எது என்பதை வினையின் காலமே உணர்த்தும்.

இவ்வேறுபாட்டைக் கொண்டு உருது பேசுவோரின் கால உணர்வு தெளிவற்றது எனக் கூறுவது பிழையாகும். நேற்றையும் நாளையையும் அவர்கள் எவரைப் போலவும் பிரித்தறிகின்றனர்; பிரிக்கும் பணி சொல்லிலிருந்து வினைக்கு மாறியுள்ளது. ஆயின் நோய் நேரும்போது இப்பணிப் பகுப்பு விளைவை மாற்றக்கூடும். வினைத்திரிபை இழந்த தமிழர் ஒருவர் ‘நேற்று... மகன்... ஊர்...’ எனத் துண்டு துண்டாகப் பேசினாலும் கேட்பவர் காலத்தை உணர்வர். அதே இழப்புற்ற உருது பேசுபவர் ‘கல்’ எனத் தொடங்கினால் கேட்பவர் ஐயுறுவர். இழப்பு ஒன்று, வெளிப்படும் அளவு வேறு. இருவரையும் ஒரே மதிப்பெண் அளவையால் ஒப்பிடுவது எத்துணை இடர்ப்பாடுடையது என்பது இதனால் விளங்கும்.

4.3 மாதமும் பருவமும் இரவும்

தமிழ் மாதம் கதிரவன் வழிப்பட்டது. கன்னடரும் தெலுங்கரும் வழங்கும் மாதம் திங்கள் வழிப்பட்டது. சித்திரை, சைத்திரம் என்னும் பெயர்கள் ஒன்றுபோல் ஒலித்தாலும் அவை குறிக்கும் நாட்கள் ஒன்றல்ல. 2023இல் சைத்திரத்தின் முதல் நாளாகிய யுகாதி மார்ச் 22இல் வந்தது. சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14. இடைவெளி 23 நாட்கள். 2024இல் யுகாதி ஏப்ரல் 9இல் வந்ததால் இடைவெளி ஐந்து நாட்களாகச் சுருங்கியது. திங்கள் வழி நாட்காட்டியில் சில ஆண்டுகளில் மிகை மாதம் ஒன்று சேர்வதால் இவ்விடைவெளி ஆண்டுதோறும் மாறும். இசுலாமிய ஆண்டு ஏறத்தாழ 11 நாட்கள் குறைந்தது. மிகை மாதம் இல்லாமையால் அதன் மாதங்கள் பருவங்களூடே நகர்ந்துகொண்டே இருக்கும்.

காக்ஸ் டவுனில் வாழும் தமிழ் மூதாட்டி ஒருவரிடம் ஏப்ரல் 10ஆம் நாள் ‘இது என்ன மாதம்?’ எனக் கேட்பதாகக் கொள்வோம். அவர் பங்குனி என்றால் சரி. ஏப்ரல் என்றாலும் சரி. அண்டை வீட்டாரோடு யுகாதி கொண்டாடியவர் சைத்திரம் பிறந்துவிட்டது என்றால் அதுவும் அவ்வாண்டுகளில் சரியே. விடைத்தாளில் ஏப்ரல் என்று மட்டும் இருந்தால் மூன்றனுள் இரண்டு விடைகள் மறதியாகக் கணிக்கப்படும்.

பருவம் பற்றிய வினா இதனினும் சிக்கலானது. ஃபோல்ஸ்டீன் சோதனை பிறந்த நாட்டில் பருவங்கள் நான்கு. தமிழிலக்கண மரபில் பெரும்பொழுது கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு. பேச்சு வழக்கில் வெயில் காலம், மழைக்காலம், பனிக்காலம் எனப் பெரும்பாலும் மூன்று. பருவம் என்னும் சொல்லோ பேச்சில் வயதுக்கும் கல்வியாண்டின் பகுதிக்கும் உரியதாகிவிட்டது. மேலும் சென்னையில் மழைக்காலம் என்பது பெரிதும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையைச் சார்ந்தது. பெங்களூரிலோ சூன் முதலே தென்மேற்குப் பருவமழை பெய்கிறது. ஆகஸ்டு மாதத்தில் ‘மழைக்காலம்’ என விடையளிப்பவர் சென்னையில் ஐயத்துக்கு உள்ளாகலாம். பெங்களூரில் அதுவே இயல்பான விடை.

நாளின் தொடக்கமும் மரபுதோறும் வேறுபடுகிறது. ஆங்கில நாள் நள்ளிரவிலும், பழந்தமிழ் வழக்கில் நாள் கதிரவன் எழும்போதும், இசுலாமிய மரபில் நாள் மாலையிலும் தொடங்கும். ஆகவே தமிழ் முசுலிம் முதியவர் ‘வெள்ளி இரவு’ என்பது பிறர் ‘வியாழன் இரவு’ என்பதாகும். கிழமை என்னும் சொல்லும் ஊர்தோறும் நிலையாக நிற்பதில்லை. இலங்கைத் தமிழில் அது வாரம் முழுவதையும் குறிக்கும்.

5. மொழி கால உணர்வை ஆக்குகிறதா?

இத்தகைய வேறுபாடுகளைக் காணும்போது ஒவ்வொரு மொழியினருக்கும் கால உணர்வே வேறு என்னும் முடிவுக்குச் செல்வது எளிது. ஹோப்பி மொழியில் காலத்தைக் குறிக்கும் கூறுகளே இல்லை என்னும் ஒர்ஃபின் கருத்து நெடுங்காலம் எடுத்தாளப்பட்டது. 1983இல் எக்கெஹார்ட் மலோட்கி அம்மொழியிலுள்ள காலக் குறிப்புகளை விரிவாகத் தொகுத்துக்காட்டியபின் அது நிலைபெறவில்லை. சீன மொழியினர் காலத்தைச் செங்குத்தாக எண்ணுகின்றனர் என 2001இல் லெரா பொரோடிட்ஸ்கி வெளியிட்ட முடிவும் 2007இல் பிறர் செய்த மறுசோதனைகளில் உறுதிப்படவில்லை.

எனினும் மொழிக்கு இதில் பங்கே இல்லை என்பதும் மிகையாகும். 2017இல் பீலுண்டு, அதனசோபவுலோசு ஆகிய இருவரும் சுவீடிய, இசுபானிய இருமொழியாளரைச் சோதித்தனர். காலத்தைத் தொலைவாக உரைக்கும் சுவீடிய மொழியில் அறிவுறுத்தப்பட்டபோது, திரையில் வளரும் கோட்டின் நீளம் அவர்களுடைய மதிப்பீட்டைத் திரித்தது. காலத்தைக் கொள்ளளவாக உரைக்கும் இசுபானிய மொழியில் அறிவுறுத்தப்பட்டபோது, நிரம்பும் கலத்தின் அளவு திரித்தது. அதே மூளைகள், மாறியது வினவிய மொழி. தமிழில் ‘நீண்ட நேரம்’, ‘நிறைய நேரம்’ என்னும் இரு வகை வழக்கும் உண்டு. முன், பின் என்னும் சொற்கள் இடத்தையும் காலத்தையும் ஒருங்கே குறிக்கின்றன. முன்னோர் நமக்கு முற்பட்டவர். முன்னேற்றமோ இனி அடைய வேண்டியது. வரிசையில் எது முதல் என்னும் நோக்கும், நடப்பவர் முகம் எத்திசையில் என்னும் நோக்கும் ஒரே சொல்லில் கலந்துள்ளன. முகத்துக்கு எதிரே கடந்த காலத்தை வைக்கும் ஐமாரா மொழியோடு தமிழை அவசரமாக ஒப்பிடலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

மொழி மூளையின் கடிகாரங்களை ஆக்குவதில்லை. அவை காட்டுவதை எடுத்துரைக்கும் வாயிலாக அமைகிறது எனக் கூறுவது பொருந்தும். மருத்துவர் காண்பது கடிகாரத்தை அன்று, வாயிலையே.

6. மொழிபெயர்ப்பாளர்க்கு உரிய விளைவுகள்

சோதனைகளை மொழிபெயர்ப்போர் பின்பெயர்ப்பு முறையைக் கையாள்வது மரபு. தமிழாக்கத்தை வேறொருவர் மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்க்க, அது மூலத்தோடு ஒத்தால் ஏற்கப்படும். மேற்கூறிய சிக்கல்களுள் பெரும்பாலானவை இம்முறையில் வெளிப்படுவதில்லை என்பது சிறப்பாகக் கருதத்தக்கது. மாதம், பருவம், கிழமை ஆகிய சொற்கள் எந்தத் தடையுமின்றித் தம் ஆங்கில மூலத்துக்கே திரும்பிச் செல்லும். பிழை சொல்லில் இல்லை. விடையை மதிப்பிடும் முறையில் உள்ளது. ஆகவே வினாத்தாளோடு விடைக்குறிப்பையும் பெயர்ப்பது மொழிபெயர்ப்பாளரின் கடமையாகிறது.

இந்தியாவில் இதற்கு முன்மாதிரி உண்டு. அரியானா மாநிலத்துப் பல்லப்கர் பகுதியில், பெரும்பாலும் எழுத்தறிவற்ற சிற்றூர் முதியோருக்கென ஃபோல்ஸ்டீன் சோதனை இந்தியில் மாற்றியமைக்கப்பட்டு 1995இல் வெளியிடப்பட்டது. சொல்லைப் பெயர்ப்பதோடு நில்லாமல் அம்மக்களின் வாழ்க்கைக்கு ஏற்ப வினாக்கள் திருத்தப்பட்டன. 2020இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பன்மொழிச் சோதனைத் தொகுப்பு இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் உருவாக்கப்பட்டது. அவ்வைந்தனுள் தமிழ் இடம்பெறவில்லை. கன்னடமும் தமிழும் ஒருங்கே அறிந்த காக்ஸ் டவுன் முதியவரை எந்த மொழியில் சோதிப்பது என்னும் வினா இதனால் கூர்மை பெறுகிறது. அலுவல் மொழியில் கேட்டால் அவர் அறிவு குறைந்தவராகத் தோன்றலாம். வீட்டு மொழியில் கேட்டால் சோதனையின் தரம் உறுதி செய்யப்படாததாக இருக்கலாம்.

இந்நிலையில் கருதத்தக்கவை வருமாறு:

அ) மாதம், தேதி பற்றிய வினாக்களில் எந்த நாட்காட்டியின் விடையையும் ஏற்று, அது எந்த நாட்காட்டி என்பதையும் குறித்தல் வேண்டும். சோதிப்பவர் கையில் அன்றைய தமிழ், கன்னட, இசுலாமிய, ஆங்கில நாள்கள் அடங்கிய பட்டியல் இருத்தல் நலம்.

ஆ) பருவ வினாவில் உள்ளூர் வானிலையும் பேச்சு வழக்கும் அடிப்படையாதல் வேண்டும். ‘வெயில் காலமா, மழைக்காலமா, பனிக்காலமா?’ எனத் தெரிவுகளைத் தந்து கேட்பது நினைவுகூரும் பணியை அடையாளம் காணும் பணியாக மாற்றிவிடும். எளிமை கருதி இதனைச் செய்தால் மதிப்பெண்ணின் பொருளும் மாறும் என்பதை உணர்தல் வேண்டும்.

இ) ‘இன்று என்ன நாள்?’ என்னும் வினாவைத் தவிர்த்தல் வேண்டும். நாள் என்பது தேதி, கிழமை, விண்மீன், நல்ல நாள் ஆகிய அனைத்துக்கும் பொது.

ஈ) வினையின் காலத்தைச் சோதிக்கும் தொடர்களில் வழக்கப் பொருளும், எதிர்மறையும், நிபந்தனையும் கலவாதிருத்தல் வேண்டும். இடைநிலை வகை ஒன்றாதல் வேண்டும்.

உ) பல மொழி அறிந்தவரிடம் இரு மொழிகளில் கேட்டு ஒப்பிடுதல் நலம். ஒரு மொழியில் மட்டும் தோன்றும் குறை மொழியைச் சார்ந்ததாகலாம். இரு மொழியிலும் தோன்றும் குறை பெரும்பாலும் அவற்றுக்கு அப்பாற்பட்டதாகும்.

7. முடிவுரை

மூளையில் காலம் பலவாக இயங்குகிறது என்பதும், மொழிகள் அதனைப் பல வகையாகப் பகுக்கின்றன என்பதும் மேலே காட்டப்பட்டன. இவ்விரு பன்மைகளும் சந்திக்கும் இடமே காலத்தைக் கேட்கும் வினா. அவ்வினாவுக்கு முதியவர் கூறும் விடை அவருக்குரிய மருந்தையும், குடும்பத்தில் அவர் சொல்லுக்குள்ள மதிப்பையும், சில வேளைகளில் தம் சொத்தைத் தாமே ஆளும் உரிமையையும் பாதிக்கக்கூடும். நலமுடையவரை மறதியாளர் எனக் கொள்வதும், மறதியாளரை நலமுடையவர் என விடுவதும் ஒப்பக் கேடு பயப்பன.

காக்ஸ் டவுன் போன்ற பன்மொழிப் பகுதிகளில் வாழும் தமிழ் முதியோர் காலத்தை எச்சொற்களால், எந்நாட்காட்டியால் எடுத்துரைக்கின்றனர் என்பது பற்றிய கள ஆய்வு விரிவாக மேற்கொள்ளப்பட வேண்டும். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை முதலிய இடங்களில் வாழும் தமிழர்க்கும் இத்தேவை உண்டு. மருத்துவரும் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் ஒருங்கிருந்து வினாவை அமைக்கும்போதுதான், பங்குனி என்று சரியாகச் சொன்ன மூதாட்டி ஏப்ரலை மறந்தவராகக் கணக்கிடப்படும் நிலை நீங்கும்.